ஸ்டீரியோவில் ஒரு பக்கம் மட்டும் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

இடது பக்கம் குறைவாகக் கேட்கிறது என்றதும் எல்லாருடைய கண்ணும் இடது ஸ்பீக்கர் மேல்தான் போகும். அதைக் கழற்றுவார்கள், இல்லையென்றால் புதுசு வாங்கிவிடுவார்கள். புதுசை மாட்டிய பிறகும் அதே இடது பக்கம் அதே மாதிரி குறைவாகவே கேட்கும். பாட்டு ஃபைலிலிருந்து காது வரைக்கும் சத்தம் கடந்து வரும் பாதை நீளமானது: ஃபைல், ஆப், போன் அல்லது கணினியின் அமைப்பு, ஜாக், கேபிள், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் ஒயர், ஸ்பீக்கர், அறை, கடைசியாகக் காது. இதில் எங்கே குறை இருந்தாலும் கேட்பவருக்கு "லெஃப்ட் போயிடுச்சு" என்று மட்டும்தான் தெரியும்.

ஸ்டீரியோவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எல்லாமே ஜோடி ஜோடியாக இருப்பதால், பழுதான பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் ஒன்று கையருகிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தால் மீட்டர்கூட இல்லாமல் பழுது எந்த இடத்தில் என்று சொல்லிவிடலாம். எதையும் திறப்பதற்கும் வாங்குவதற்கும் முன்னால் அதைச் செய்துவிடுங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

## எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரே சோதனை

பாதையில் ஏதாவது ஓர் இடத்தில் இடதையும் வலதையும் மாற்றிப் போடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: குறை அடுத்த பக்கத்துக்கு நகர்ந்ததா, இருந்த இடத்திலேயே நின்றதா?

நகர்ந்தால், பழுது நீங்கள் மாற்றிப் போட்ட இடத்துக்கு முன்னால், அதாவது பாட்டு வரும் பக்கத்தில். நின்றால், பழுது அந்த இடத்துக்குப் பின்னால், அதாவது காதுப் பக்கத்தில்.

இடது ஸ்பீக்கர் மங்கலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆம்பை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது ஸ்பீக்கர் ஒயரை வலது முனையிலும், வலது ஒயரை இடது முனையிலும் மாட்டுகிறீர்கள். ஆம்பைப் போட்டதும் வலது ஸ்பீக்கர் மங்கலாகிவிட்டதா? குறை நகர்ந்துவிட்டது, ஸ்பீக்கர்களும் அவற்றின் ஒயர்களும் நல்லவை. இன்னும் இடது ஸ்பீக்கரே மங்கலா? அந்த ஸ்பீக்கரோ அதற்குப் போகும் ஒயரோதான். ஆம்பைத் தொட வேண்டாம்.

நகர்ந்திருந்தால் ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு ஒரு படி பின்னால் போங்கள். பாட்டுக் கருவியிலிருந்து ஆம்புக்குள் வரும் கேபிளின் ஆர்சிஏ பின்களை ஆம்ப் முனையில் மாற்றிப் போடுங்கள். குறை நின்றால் ஆம்ப். நகர்ந்தால் கேபிள் அல்லது அதற்கு முந்தைய கருவி. மறுபடி பழையபடி மாட்டிவிட்டு, இந்தத் தடவை அதே கேபிளைக் கருவியின் முனையில் மாற்றுங்கள். நகர்ந்தால் கருவி, நின்றால் கேபிள்.

இதில் இரண்டு ஒழுங்குகளை விடவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு இடத்தில் மாற்றினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, எதுவுமே நகராத மாதிரி தெரியும். அடுத்தது, ஒயரில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையில் பிளஸ்ஸும் மைனஸும் ஒரு நொடி தொட்டுக்கொண்டால் போதும், நல்ல ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். இரண்டு சேனல்களின் மைனஸ் முனைகளையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பல நவீன ஆம்ப்களில் மைனஸ் முனை எர்த் கிடையாது, அதிலும் சிக்னல் இருக்கும்.

மாற்றிப் போட்ட பிறகு குறை மாயமாகப் போய்விட்டால் அதுவும் ஒரு விடைதான். பின்னைக் கழற்றி மாட்டியதில் துரு உராய்ந்து போயிருக்கிறது. லூஸ் கான்டாக்ட். பின்களையும் சாக்கெட்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து இறுக்கமாக மாட்டுங்கள். அப்படியே விட்டால் சில வாரத்தில் திரும்ப வரும்.

## அதற்கும் முன்னால்: பாட்டே அப்படித்தானா?

1960களின் ஸ்டீரியோ பதிவுகளில் பாடுகிறவரை முழுக்க ஒரு பக்கமும் டிரம்ஸை முழுக்க இன்னொரு பக்கமும் வைத்திருப்பது சகஜம். இன்றைய பாட்டிலும் ஒரு கிட்டார் இடது ஓரத்தில் மட்டும் வாசிக்கலாம். ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்ல முடியாது.

சோதனைக்கு மோனோதான் வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் அக்சஸிபிலிட்டி அமைப்புக்குள் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டுத் தனிக்குரல் பேச்சு ஒன்றைப் போடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் போவது ஒரே சிக்னல். குரல் நடுவிலிருந்து வந்தால் கருவிகள் நலம். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வு முழுக்கக் கருவி, அறை அல்லது காது உண்டாக்கியது. சோதனை முடிந்ததும் மோனோவை அணைக்க மறக்காதீர்கள்.

போனில் அதே அக்சஸிபிலிட்டி பக்கத்தில் பேலன்ஸ் சறுக்கியும் இருக்கும். கை பட்டு அது நகர்ந்திருப்பது மிகச் சாதாரணம். விண்டோஸில் சவுண்ட் அமைப்பில் கருவியின் பெயரைத் தொட்டால் இடது, வலது அளவுகள் தனித்தனி எண்ணாக வரும். இரண்டும் ஒரே எண்ணா என்று பாருங்கள். ஹெட்போனுக்கு ஓர் அளவு, ஸ்பீக்கருக்கு ஓர் அளவு என்று கருவிக்குக் கருவி தனியாக நினைவில் வைத்திருக்கும், அதனால் இப்போது ஒலிக்கும் கருவியைத்தான் பார்க்க வேண்டும். ஹோம் தியேட்டர் ரிசீவரில் ஒவ்வொரு சேனலுக்கும் டெசிபெல் அளவும் தூரமும் தனியாக இருக்கும். தானியங்கி அளவீடு ஓடியபோது மைக்கை ஓரமாக வைத்திருந்தால் அந்த எண்களே கோணலாகத்தான் இருக்கும்.

## ஒரு பக்கம் சத்தமே இல்லை

கண்டுபிடிக்கச் சுலபமான பழுது இதுதான், ஏனென்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மேலே சொன்ன மாற்றுச் சோதனை சில நிமிடத்தில் இடத்தைக் காட்டிவிடும்.

போன் ஜாக்காக இருந்தால் முதலில் பின் கடைசிவரை உள்ளே போகிறதா என்று பாருங்கள். 3.5 மி.மீ. பின்னில் நுனி இடது, அடுத்த வளையம் வலது, அடிப்பகுதி எர்த். சட்டைப்பையின் பஞ்சுத் தூசு ஜாக்கின் அடியில் இறுகிப் போனால் பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அதற்கே ஒரு பக்கம் போய்விடும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். உள்ளே இருக்கும் தகட்டை வளைத்துவிடும்.

பின்னைத் திருகும்போது சத்தம் வந்து வந்து போனால், ஒயர் பின்னுக்குள் நுழையும் கழுத்தில் உள்கம்பி அறுந்திருக்கிறது. ஒயர் அடிக்கடி மடங்கும் இடம் அது. வெட்டிவிட்டுப் புதுப் பின் வைத்து சால்டர் செய்தால் சரியாகிவிடும்.

ஸ்பீக்கர் மேல் சந்தேகம் என்றால் அதை ஆம்பிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3க்கு மேல் காட்டும். டிசி மின்தடை எப்போதும் எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அது பழுது இல்லை. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. நான்கு முனை உள்ள ஸ்பீக்கர் என்றால் மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் பித்தளைத் தகடு இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரும் வயரில்லா இயர்பட் என்றால், சத்தமே வராத பட் சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். பெட்டிக்குள் இருக்கும் சிறு உலோக முனைகளைத் துடையுங்கள். பிறகு போனில் அந்த இணைப்பை நீக்கிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன முறையில் ரீசெட் செய்து, இரண்டையும் ஒன்றாகத் திரும்ப இணையுங்கள்.

## ஒரு பக்கம் எப்போதுமே சற்றுக் குறைவு

எவ்வளவு குறைவு என்பதே இங்கே துப்பு. இரண்டு பக்கத்துக்கும் 1 டெசிபெல் வித்தியாசம் வந்தாலே கவனமாகக் கேட்பவருக்குப் பாடகர் நடுவிலிருந்து லேசாக நகர்ந்தது தெரியும்.

மீட்டர் இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியை மோனோவில் மெதுவாக ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 2.00 வோல்ட், இன்னொரு பக்கம் 1.78 என்றால் வித்தியாசம் 1 டெசிபெல். 1.41 என்றால் 3. சரியாகப் பாதி, 1.00 என்றால் 6 டெசிபெல். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்து, காதுக்கு மட்டும் சாய்வாகக் கேட்டால், ஆம்பும் அதற்கு முந்தைய எல்லாமும் குற்றமற்றவை. ஸ்பீக்கர், அறை, காது இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

அந்தப் பாதி அளவு, அதாவது 6 டெசிபெல், ஸ்டுடியோ மானிட்டர் (ஒலிப்பதிவுக்கான ஸ்பீக்கர்) வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான எண். பேலன்ஸ்டு கேபிளில் ஒரே சிக்னல் இரண்டு கம்பியில், ஒன்றுக்கொன்று தலைகீழாக ஓடுகிறது. அதில் ஒரு கம்பி அறுந்தாலும் சத்தம் நிற்காது. பாதி வோல்ட்டேஜில் ஓடிக்கொண்டே இருக்கும், இரைச்சல் மட்டும் கொஞ்சம் ஏறும். பலர் பின்னால் இருக்கும் அளவுக் குமிழைத் திருகி ஈடுகட்டிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த மானிட்டர்களின் முதுகில் சிறு சிறு ஸ்விட்சுகளும் உண்டு. இரண்டிலும் அவை ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் காரணம் அநேகமாகக் காது குறும்பிதான். அதன் வாயில் இருக்கும் மெல்லிய வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பக்கத்தில் துளைகள் தெளிவாகத் தெரியும், மங்கலான பக்கத்தில் மஞ்சளாக ஒரு படலம். வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் போகும். காதை மூடும் ஹெட்போனில் பேஸ் மட்டும் ஒரு பக்கம் குறைந்தால் மெத்தையைப் பாருங்கள். கிழிந்த மெத்தை, கண்ணாடிக் காம்பு, முடி என எதனாலாவது காற்று கசிந்தால் முதலில் போவது பேஸ்தான்.

## வால்யூம் குறைத்தால் மட்டும் ஒரு பக்கம் சாய்கிறது

இரவில் மெதுவாக வைத்தால் பாட்டு முழுக்க வலது பக்கம். குமிழைக் கொஞ்சம் கூட்டினால் நடுவுக்கு வந்துவிடுகிறது. இது வால்யூம் குமிழுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் இயல்பு. ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடங்கள் இருக்கின்றன, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் முழு நீளத்துக்கும் துல்லியமாக ஒத்துப்போவது கடினம். திருகலின் தொடக்கத்தில் வித்தியாசம் மிக அதிகம்.

இதற்கு ஆம்பைத் திறக்க வேண்டியதில்லை. பாட்டு வரும் இடத்தில், போனிலோ கணினியிலோ, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆம்பின் குமிழைக் கூட்டி வையுங்கள். குமிழ் நன்றாகத் தள்ளி நிற்கும்போது இரண்டு தடங்களும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். கருவியில் சத்தம் குறைக்க வழியில்லை என்றால், ஆர்சிஏ கேபிளுக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டும் சிறு அட்டென்யுவேட்டர் அதே வேலையைச் செய்யும்.

குமிழைத் திருகும்போது கரகரவென்று இரைந்து, ஒரு பக்கம் அணைந்து அணைந்து வந்தால் தடத்தில் அழுக்கு. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பொட்டென்ஷியோமீட்டரின் சிறு திறப்பில் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீய்ச்சல் விட்டு, குமிழை இரு கோடிக்கும் பத்துப் பதினைந்து தடவை திருகுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மின்சாரம் கொடுக்கலாம். பூட்டு, கீல்களுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதன் பிசுக்கு தடத்தில் தங்கித் தூசைப் பிடித்துவைக்கும்.

## மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் இல்லை, உரக்க வைத்தால் பட்டென்று வந்துவிடுகிறது

முந்தையதைப் போலத் தோன்றினாலும் இது வேறு பழுது. அங்கே சாய்வு மெல்ல மெல்லச் சரியாகும். இங்கே சத்தம் ஏறும்போது ஒரு கணத்தில் அந்தப் பக்கம் முழுசாக வந்து, பிறகு குறைத்தாலும் கொஞ்ச நேரம் நிற்கும். அடுத்த நாள் ஆம்பைப் போட்டால் திரும்ப முதலிலிருந்து.

பல ஆம்ப்களில் போட்ட சில நொடி கழித்து "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் ரிலே அது. வருஷக்கணக்கில் ஓடியதில் அதன் முனைகள் கறுத்துப் போயிருக்கும். மெல்லிய சிக்னலால் அந்தக் கறையைத் தாண்ட முடியாது. பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போய்விடும். ஸ்பீக்கர் ஏ, பி தேர்வு ஸ்விட்சிலும், டேப் மானிட்டர் ஸ்விட்சிலும் இதே கறை வரும். அந்த ஸ்விட்சுகளை முன்னும் பின்னும் பல தடவை இயக்கிப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் ரிலேயைச் சந்தேகிக்கவே வேண்டாம். பழைய ஆம்ப்களின் முதுகில் ப்ரீ அவுட், மெயின் இன் என்ற துளைகளை இணைக்கும் வளைந்த உலோகக் கம்பிகளும் இருக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்து மாட்டுவது இரண்டு நிமிட வேலை. அதை முதலில் செய்யுங்கள்.

ரிலேதான் என்று உறுதியானால் மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு, மலிவான பாகம்தான். முனைகளைச் சுத்தம் செய்து பார்ப்பவர்கள் கான்டாக்ட் கிளீனர் நனைத்த காகிதத் துண்டை இரு முனைக்கும் நடுவே வைத்து இழுப்பார்கள். உப்புத்தாள் போடக் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அதன் பிறகு இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

## இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஆனால் பேஸ் காணோம், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

இந்த அறிகுறியோடு வருடக்கணக்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் எதுவும் பழுதாகத் தெரியாது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போயிருக்கிறது. ஒரு கூம்பு வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போகிறது. பேஸ் அலைகள் நீளமானவை என்பதால் அறைக்குள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றி எங்கோ மிதக்கிறது. ஒரு பக்கமாக எழுந்து நடந்தால் பேஸ் திடீரென்று கூடுவதையும் கவனிக்கலாம்.

சோதனை: மோனோவில் பேஸ் நிறைந்த ஏதாவது ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் பார்க்க வையுங்கள். கேட்டுவிட்டு, ஆம்பை அணைத்து, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயரைத் திருப்பி மாட்டி மறுபடி கேளுங்கள். எதில் பேஸ் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி. வித்தியாசம் சந்தேகமில்லாமல் தெரியும்.

ஸ்பீக்கரை நகர்த்த முடியாவிட்டால், ஆம்பிலிருந்து கழற்றிய ஒயரின் நுனியில் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் வூஃபர், அதாவது பேஸ் தரும் பெரிய கூம்பு, வெளியே துள்ள வேண்டும். வூஃபரை மட்டும் பாருங்கள். உச்ச ஒலி தரும் சிறிய ட்வீட்டர் சில வடிவமைப்புகளில் வேண்டுமென்றே திருப்பி இணைக்கப்பட்டிருக்கும், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளிலும் இது நடக்கும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் நான்கு ஒயர்களில் வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கார்ட்ரிட்ஜ் மாற்றிய கையோடு பேஸ் போனால் இந்த நிறங்களைச் சரிபாருங்கள்.

## பாடுகிறவர் குரல் மட்டும் மறைந்து, வாத்தியமும் எதிரொலியும் கேட்கிறது

ஹெட்போனில் இப்படிக் கேட்டால் பின்னின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் இடது சுருள் வழியாக வலதுக்குள் போய்த் திரும்புகிறது. விளைவு, இரண்டு காதுக்கும் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துபோகிறது. பின்னை லேசாக வெளியே இழுத்தோ அழுத்தியோ பாருங்கள். மாறவில்லை என்றால் பின்னை மாற்ற வேண்டும். மைக் உள்ள நான்கு பட்டைப் பின்களில் எர்த்தும் மைக்கும் இடம் மாறிய இரண்டு முறைகள் உண்டு. பழைய ஹெட்செட்டைப் புதுப் போனில் மாட்டினால் பழுதே இல்லாமலும் இப்படிக் கேட்கலாம். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வந்தால் இதுதான் காரணம், அதற்கென்று சிறு அடாப்டர் கிடைக்கும்.

## ஒரு பக்கம் மந்தமாக, போர்வை போட்ட மாதிரி

அளவு சரி, ஆனால் "ச", "ஸ" எழுத்துகளும் சிம்பலும் ஒரு பக்கம் மட்டும் மழுங்கல். ட்வீட்டர் போயிருக்கும். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டர் எதிரிலும் வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் செய்து ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். பழைய ஸ்பீக்கரின் பின்புறம் ட்வீட்டர் அளவுக் குமிழ் இருந்தால் அதைப் பலமுறை திருகிப் பாருங்கள். துருப்பிடித்த குமிழே பல சமயம் குற்றவாளி. கேசட் டெக் என்றால் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பதுதான் முதல் வேலை.

## ஒரு பக்கம் மட்டும் கரகரப்பு, உடைந்த சத்தம்

மாற்றுச் சோதனையில் குறை ஸ்பீக்கரோடு நின்றால், ஆம்பை அணைத்துவிட்டு வூஃபர் கூம்பின் இரு ஓரத்திலும் விரல்களைச் சமமாக வைத்து மிக மெல்ல உள்ளே தள்ளுங்கள். சத்தமின்றிப் போய்வர வேண்டும். உரசும் ஓசை வந்தால், கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தில் தட்டுகிறது. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தாலும் கரகரக்கும். அதை மட்டும் மாற்ற முடியும், முழு ஸ்பீக்கரையும் தூக்கிப் போட வேண்டாம்.

டர்ன்டேபிளில் இசைத்தட்டின் உட்பகுதிக்குப் போகப்போக வலது பக்கம் மட்டும் கரகரத்தால், ஆர்ம் உள்ளே இழுபடுவதை எதிர்க்கும் ஆன்டி ஸ்கேட்டிங் விசை போதவில்லை. ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தில் மையத்தை ஒட்டிய உள்சுவரில் இடதும், வெளிச்சுவரில் வலதும் பதிவாகியிருக்கின்றன. தட்டு சுழலும்போது ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடும், ஊசி உள்சுவரில் அழுந்தி வெளிச்சுவரைச் சரியாகத் தொடாமல் போகும். இடது பக்கம் கரகரத்தால் அந்த விசையின் அளவு கூடிவிட்டது. அதோடு ஊசியின் நுனியில் தூசு உருண்டை இல்லை என்பதையும், முன்னிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் தட்டுக்கு நிமிர்ந்து நிற்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் "ம்ம்ம்" என்று இழுக்கும் ஹம்முக்கு அந்தப் பக்க ஆர்சிஏ பின்னின் வெளி வளையம் தளர்ந்திருப்பதே வழக்கமான காரணம்.

## நீங்கள் பதிவு செய்தது ஒரே பக்கம் கேட்கிறது

மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் முதல் இன்புட் இடது, இரண்டாவது வலது என்று கணக்கு. ஒற்றை மைக்கை முதலாவதில் மாட்டி, ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்தால் குரல் இடது பக்கம் மட்டும்தான் விழும். இனிமேல் மோனோ டிராக்கில் பதியுங்கள். ஓபிஎஸ் பதிவு மென்பொருளில் அந்த மைக்கின் ஆடியோ பண்புகளில் மோனோ என்று தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பதிந்ததை ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் இரண்டு மோனோவாகப் பிரித்து, வெறுமையான டிராக்கை நீக்கிவிட்டால் போதும். இரண்டையும் கலந்து மோனோவாக்கினால் வெற்று டிராக்கோடு சராசரி ஆகி 6 டெசிபெல் குறைந்துவிடும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்புட்டிலிருந்து மூன்று பட்டைப் பின் கேபிளில் கேமராவின் ஸ்டீரியோ மைக் துளைக்கு இணைத்தால், இடதில் நேர் சிக்னலும் வலதில் அதன் தலைகீழும் பதிவாகும். ஹெட்போனில் கேட்டால் கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும் சத்தம் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டால் இரண்டும் கூடிப் பூஜ்யமாகி, பேச்சே காணாமல் போய்விடும். நிகழ்ச்சி முடிந்த பிறகு தெரியவந்தால் மனம் நொந்துபோகும். நல்ல வேளையாக ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை நீக்கினால் குரல் முழுசாகத் திரும்பும்.

## எல்லாமே சரி, ஆனாலும் சாய்கிறது

அறைதான். ஒரு ஸ்பீக்கர் மூலையிலும் இன்னொன்று திறந்த வாசல் பக்கத்திலும் இருந்தால் மூலையில் உள்ளதற்குப் பேஸ் ஏறிவிடும். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சுவரும் தாழ்ந்த ஒலியை 6 டெசிபெல் வரை கூட்டக்கூடியது. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றிப் பாருங்கள். கனமான சத்தம் அதே மூலையிலிருந்து வந்தால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. பிறகு டேப் வைத்து, உட்காரும் இடத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் தூரத்தை அளங்கள். ஒலி 34 செ.மீ. கடக்க ஒரு மில்லி நொடி ஆகும், 10 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே குரல் கிட்ட இருக்கும் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்துவிடும். நாற்காலியை நகர்த்திச் சரிசெய்யக்கூடியதைப் பேலன்ஸ் குமிழால் சரிசெய்ய முயல வேண்டாம்.

கடைசி மாற்றுச் சோதனை ஹெட்போனுக்கும் காதுக்கும் நடுவே. ஹெட்போனை இடம் வலம் திருப்பி மாட்டுங்கள். குறை அடுத்த காதுக்கு நகர்ந்தால் ஹெட்போன் அல்லது அதற்கு முன்னால் உள்ளது. அதே காதில் நின்றால் அந்தக் காதுதான். குறும்பி அடைத்திருக்கலாம், சளி பிடித்திருக்கலாம். பஞ்சுக் குச்சியால் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மங்கியிருந்தால், அதிலும் இரைச்சலோ தலைசுற்றலோ சேர்ந்திருந்தால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உள்காது சார்ந்த திடீர்ச் செவித்திறன் குறைவாக இருந்தால் சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பது முக்கியம். பாட்டுக் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## ஆம்புக்குள்தான் என்று முடிவானால்

மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். வால்வு ஆம்ப்களில் அது நூற்றுக்கணக்கான வோல்ட். பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். சூடேறிய பிறகு ஒரு பக்கம் போய், ஆறியதும் திரும்பி வருவது சால்டர் விரிசலின் அடையாளம். அது தெரிந்த கைக்குச் சின்ன வேலை.

பழுது பார்ப்பவரிடம் "லெஃப்ட் வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லி விட்டுவராதீர்கள். எந்த இடத்தில் மாற்றிப் போட்டபோது குறை நகர்ந்தது, எங்கே நின்றது, எல்லா இன்புட்டிலுமா, ஹெட்போன் துளையிலும் இருக்கிறதா, சூடேறியதும் மாறுகிறதா என்று ஒரு தாளில் எழுதி ஆம்போடு கொடுங்கள். ஹெட்போனில் சரியாகக் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் குறை என்றால், தேட வேண்டிய இடம் பல ஆம்ப்களில் ரிலேயும் அதை ஒட்டிய பகுதியும் என்று சுருங்கிவிடும்.

திரும்பி வந்ததும் ஸ்பீக்கரை மாட்டும் முன் பாட்டு எதுவும் ஓடாத நிலையில் இரண்டு பக்க ஸ்பீக்கர் முனைகளிலும் டிசி வோல்ட் அளந்துவிடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் திரும்பக் காட்ட வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது, வாய்ஸ் காயில் எரிந்துவிடும்.